வாய்தா சாரும் கலியபெருமாள் தாடியும்

இந்த நாட்டில் நீதி தாமதமாகிறது என்று புலம்புகிறவர்கள் யாரும் எங்கள் வாய்தா சாரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், இன்னும் கொஞ்சம் தாமதமானால்தான் என்ன என்று கேட்டிருப்பார்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரை கம்பெனி. நான் ஆபீஸ் கிளார்க், அவர் வாசலில் டைம் ஆபீஸ். முப்பது வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டையராகி வந்தவர். பெயர் என்று ஒன்று இருந்தது, யாருக்கும் அது தேவைப்படவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டால் பதினொன்றரைக்கு வாய்தா என்பார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கே தை மாதத்துக்கு வாய்தா போட்டவர். நல்லவேளை, மாப்பிள்ளை பொறுமைசாலி. சாமி நம்பிக்கை மட்டும் கிடையாது. கடவுள் சாட்சியாக ஊரே பொய் சொன்னதை முப்பது வருஷம் உட்கார்ந்து கேட்ட மனுஷன், பாவம், வேறு என்ன செய்வார்.

பேக்கிங்கில் கலியபெருமாள் என்று ஒருவன். அவனுடைய மூன்று வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். குழந்தை பிழைத்து வந்தால் குலதெய்வம் பச்சைவாழியம்மனுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, தாடியும் தலையுமாக வேலைக்கு வந்தான். மாத்திரையில் முடி விழும் என்று பேக்கிங்கில் தாடிக்குத் தடை.

எங்கள் ஜி.எம். படித்தவர். அதாவது, பேப்பர் படித்தவர். மதச் சுதந்திரம் எல்லாருக்கும் உண்டு, ஆனால் மதத்துக்கு அத்தியாவசியமான பழக்கத்துக்குத்தான் கோர்ட் பாதுகாப்பு தரும் என்று அதில் படித்துவிட்டார். போதாதா? சவரம் செய்துகொண்டு வா, இல்லை இந்தத் தாடி அத்தியாவசியம் என்று எழுதி வாங்கி வா, இரண்டும் முடியாதென்றால் வேலையை விட்டு நின்றுகொள் என்றார். வேலை போனால் ஆபரேஷன் செலவுக்கு இருந்த இ.எஸ்.ஐ. கார்டும் போகும். விசாரணை அதிகாரியாக வாய்தா சாரைப் போட்டார்கள். கோர்ட்டைப் பார்த்தவராம்.

பச்சைவாழியம்மனுக்குப் புத்தகம் ஏது? அவளுக்கு இருப்பது ஒரு வேப்பமரமும் ஒரு பூசாரியும். பூசாரி கலியபெருமாளின் சித்தப்பா, எங்கள் லோடிங்கிலேயே வேலை. அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே கடுதாசி லீவ் லெட்டர். ஆகவே, 'அம்மனுக்கு முடி அவசரமாகத் தேவைப்படுவதால் அனுமதி அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி, அம்மனுக்காக அவரே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டார் ஜி.எம்.

வாய்தா சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கடிதத்தைப் படித்தார். கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு வாய்தா என்றார். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு உகந்த நாள் என்பதால் திங்கட்கிழமைக்கு வாய்தா. திங்கட்கிழமை பூசாரிக்கு ஷிஃப்ட். அப்புறம் அம்மனுக்கே நோட்டீஸ் அனுப்பினார், ரிஜிஸ்டர் தபாலில், வேப்பமர விலாசத்துக்கு. 'விலாசதாரர் இல்லை' என்று அது திரும்பி வந்தது. மறு நோட்டீஸ், மறு வாய்தா.

இதற்கு நடுவே ஸ்டோரில் சொல்லி, தாடிக்கு ஓர் உறையும் தலைக்கு இரட்டைத் தொப்பியும் வாங்கி வைத்திருந்தார். தினமும் வாசலில் அவரே கலியபெருமாளுக்கு மாட்டிவிட்டு, ஒரு முடி வெளியே தெரிகிறதா என்று இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

ஒரு நாள் ஜி.எம். டைம் ஆபீசுக்கே வந்துவிட்டார். தாடி அத்தியாவசியமா இல்லையா, இன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்றார். வாய்தா சார் எழுந்து நின்று, பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரில் விட்டுப்போன மரியாதைச் சொல்லோடு ஆரம்பித்தார்.

"அத அம்மனத்தான் கேக்கணும் முசியே. அந்தம்மாவ எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நம்ம கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. இவன் நெசமா நம்புறானா? மாத்திரைல முடி வுழுவுதா? நம்புறான். வுழல. அப்புறம் நமக்கு அங்க என்னா வேல?"

இதுதான் தீர்ப்பா என்றார் ஜி.எம். இல்லை, இது அபிப்பிராயம், தீர்ப்புக்கு அடுத்த மாதம் வாய்தா என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சரியாகத்தானே சொன்னீர்கள், தீர்ப்பாகவே எழுதிவிட வேண்டியதுதானே என்று நான் அப்புறம் கேட்டேன்.

"தீர்ப்பு குடுத்தா அந்தாளு ஹெட் ஆபீசுக்கு அப்பீல் போவாரு. வாய்தாவுக்கு ஏதுய்யா அப்பீல்?"

பாப்பா பிழைத்து வந்தாள். வேப்பமரத்தடியில் அப்பனுக்கும் மகளுக்கும் மொட்டை. பொங்கல் சாப்பிட மட்டுமே வந்ததாகச் சொல்லிக்கொண்ட வாய்தா சார், அந்தப் பிஞ்சு மண்டையை இரண்டு தரம் தடவிப் பார்த்தார். சான்றுப் பொருளைப் பரிசோதிக்கிறாராம். வழக்கு மட்டும் இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

இப்போது அதே ஆஸ்பத்திரியில், நெஞ்சு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வாய்தா சார் படுத்திருக்கிறார். நேற்று பார்க்கப் போனேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது தாடி? எந்த புக்ல போட்டிருக்குது?"

பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. நீங்கள் வீட்டுக்கு வந்ததும் சொல்கிறேன் சார், அதுவரைக்கும் வாய்தா என்றேன்.