கியரில்லாத கார் வாங்கினோம்

கார் வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். அதுவும் கியர் இல்லாத கார்!

இந்த மகத்தான முடிவை எங்கே எடுத்தேன் தெரியுமா? அட்டன் டவுன் சரிவில். லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் இரவல் வாங்கிய கார் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில். ஒரு காலால் கிளச்சு, ஒரு காலால் பிரேக், ஒரு கையால் கியர், ஒரு கையால் ஸ்டியரிங். ஆண்டவன் மனிதனுக்கு இன்னும் இரண்டு கால் கொடுத்திருக்கலாம். கார் ஒரு பழக்கடைக்குள் போய்த்தான் நின்றது. இது இரண்டாம் தடவை. லைசென்ஸ் கிடைக்கவில்லை, வாழைப்பழம் கிடைத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் சகலை இராமையாவைப் பொறுக்க முடியாது. என் மனைவியின் தங்கை பூரணியின் புருஷன். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். ஒரு பழைய கார் வைத்திருக்கிறான். "எங்க அண்ணனுக்கு ரிவர்ஸ்ல மட்டும் லைசென்ஸ் குடுத்தா இலங்கையிலேயே அவருதான் பர்ஸ்ட்டு!" என்று பார்த்த இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அவன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அந்தக் கல்யாண வீட்டு வாசலில் என் சொந்தக் கார் போய் நிற்கவேண்டும். சகலை வாயைப் பிளக்கவேண்டும். அதற்குள் மூன்றாம் தடவை போய் லைசென்ஸையும் வாங்கிவிடவேண்டும். இதைவிட வாழ்க்கையில் வேறு லட்சியம் எனக்கு இல்லை!

நான் இன்னொரு தோட்டத்தில் டீமேக்கர், தேயிலையைப் பக்குவம் பண்ணுகிறவன். ஃபாக்டரியில் நான் சொன்னால் மெஷின் ஓடும், நான் சொன்னால் நிற்கும். வீட்டில் நாகலெட்சுமி சொன்னால் நான் ஓடுவேன், நாகலெட்சுமி சொன்னால் நிற்பேன். சீட்டுப் பணமும் அவளிடம்தான். ஆகவே ஒரு தந்திரம் செய்தேன்.

"நாகு, உனக்கு ஒரு கார் வாங்கித் தரலாம்னு இருக்கேன்."

கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கா?"

"உனக்கேதான்! கியர் கெடையாது, கிளச்சு கெடையாது. ரெண்டே ரெண்டு மிதி. ஒண்ண அமுக்குனா போவும், ஒண்ண அமுக்குனா நிக்கும். நீயே ஓட்டலாம்!"

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"உன் மேல சத்தியமா, உனக்குத்தான் காரு!"

"என் மேல எதுக்கு? உங்க மேலயே பண்ணுங்க."

என் தலையிலேயே அடித்துச் சத்தியம் பண்ணினேன். கார் அவளுக்குத்தான். ஆனால் ஸ்டியரிங் யாருக்கு என்று நான் சொல்லவில்லையே! உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

"சரிங்க," என்றாள். "ஆனா பழசுதான், சின்னதுதான். சீட்டுக்காசுக்கு மேல ஒரு சதம் போகக் கூடாது. நான் பாத்து, நான் சரின்னு சொன்னாத்தான் வாங்கணும்."

"காரப் பத்தி ஒனக்கு என்னடி தெரியும்?"

"புருசனப் பத்தியும் ஒண்ணும் தெரியாமத்தான் கட்டிக்கிட்டேன். அதான் இந்தத் தடவை பாத்து வாங்குறேன்."

மறு வாரமே அட்டன் தரகர் அழகன் ஒரு காரோடு வந்துவிட்டார். புகையும் கூடவே வந்தது.

"கியர் போடவே வேணாங்க! அப்படியே போயிக்கிட்டே இருக்கலாம்," என்றார் அழகன்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தேயிலையை மோந்து பார்த்தே தரம் சொல்லுகிற மூக்கு என்னுடையது. புகைக் குழாய்க்கு நேரே குனிந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். "நல்ல ஸ்ட்ராங்!" என்றேன். இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"மூஞ்சியத் தொடைங்க, கரி," என்று முந்தானையைக் கொடுத்துவிட்டு நாகலெட்சுமி காரின் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள். "ஏங்க அழகண்ணே, இது ஏன் இப்புடிச் சுடுது?"

"ஓடி வந்த காரு சுடாதாம்மா?"

"அப்ப இருந்து டீ குடிச்சிட்டுப் போங்க. ஆறட்டும். ஆறுனப்பறமும் கெளம்புதான்னு பாக்கணும்."

சொல்லிவிட்டு, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காருக்கு அடியில் விரித்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. காருக்குப் பாய் விரிக்கிற பெண்பிள்ளையை எங்கேயாவது கண்டதுண்டா? அழகன் ஒரு டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார். அதற்குள் ஈயத்தாளில் கறுப்பாக எண்ணெய் சொட்டிக் குளம் கட்டிவிட்டது. ஆறிய காரைக் கிளப்பினால் அது கனைத்தது, தும்மியது, படுத்துவிட்டது.

"சரி, போகட்டும். பின்னால எப்புடிண்ணே போறது?" என்று கேட்டாள் அவள்.

"பின்னால எதுக்கும்மா போகணும்?"

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்தக் காரில் கியர் இருந்ததாம். இரண்டாவதில் போய் இறுகிக்கொண்டதாம். அதனால்தான் மாற்றவே வேண்டாமாம்! நாங்கள் மூவருமாக அதை மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் வழியனுப்பினோம்.

அப்புறம் ஒருநாள் நாகலெட்சுமியே செய்தி கொண்டுவந்தாள். எங்கள் தோட்டத்து உதவி மானேஜர் சின்னதுரையும் அவர் சம்சாரம் துரைசாணியும் சீமைக்கே திரும்பிப் போகிறார்களாம். துரைசாணி ஓட்டுகிற குட்டிக் கார் விலைக்கு வருகிறதாம். ஹாலந்து தேசத்துக் கார். நிஜமாகவே கியர் கிடையாது!

நான் துள்ளிவிட்டேன். "இப்பவே போய்ப் பேசுறேன்!"

"நீங்க போனா கேட்ட வெலையக் குடுத்துட்டு வந்துருவீங்க. துரைசாணிக்கு முறுக்கு சுத்தப் பழகணுமாம். நான் போய்ப் பழக்கிவிட்டு, அப்புடியே வெலையப் பேசுறேன்."

ஒரு மாதம் முறுக்கு சுற்றினார்கள். தினமும் பின்னேரம் நான் ஃபாக்டரியில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பங்களாவுக்குப் போவாள். நடுவில் ஒருநாள் துரைசாணியோடு நுவரெலியாவுக்குப் போய்க் கிழங்கு விதை வாங்கிவந்தாள். கடைசியில் பனி கொட்டுகிற ஒரு காலையில் போய், ஆறிக் கிடந்த என்ஜினைத் தொட்டுப் பார்த்து, கிளப்பச் சொல்லி, ஈயத்தாளும் விரித்துப் பார்த்தாளாம். ஒரு சொட்டு இல்லை. சீட்டுக்காசிலேயே விலை முடிந்தது. வெள்ளை நிறத்தில் கார் எங்கள் வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஏறு நாகு! ஒரு ரவுண்டு!"

"இன்னிக்கி வேணாங்க. சனிக்கெழம நாலு மணிக்குப் போவோம். அதான் நல்ல நேரம்."

நல்ல நேரம் பார்க்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள்! சனிக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். தோட்டத்து ரோட்டில் லைசென்ஸ் யார் கேட்கப் போகிறார்கள்? பக்கத்தில் நாகலெட்சுமி. அமுக்கினேன். போயிற்று! இன்னொன்றை அமுக்கினேன். நின்றது! ஐயோ, என்ன சுகம்! மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா கூடையோடு திரும்பிக் கை காட்டினாள். நானும் காட்டினேன். "ரோட்டப் பாருங்க" என்றாள் என் மனைவி.

வளைவு திரும்பினால், எதிரே தோட்டத்து மானேஜர் பெரியதுரையின் கறுப்புக் கார்!

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியதுரை கார் வந்தால் குடை பிடித்தவன் குடையை மடக்கவேண்டும். சைக்கிளில் வருகிறவன் இறங்கி ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்றி சலாம் போடவேண்டும். இருபது வருஷமாக நான் அப்படிக் குதித்துப் பழகிய ஆள். கறுப்புக் காரைக் கண்டதும் என் புத்தி வேலை செய்யவில்லை, கால்தான் வேலை செய்தது. கதவைத் திறந்தேன். குதித்தேன். ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றினேன்.

"சலாங்க!"

அப்புறம்தான், காரை நிறுத்தவில்லை என்பது ஞாபகம் வந்தது.

கியர் காராக இருந்தால் கிளச்சிலிருந்து காலை எடுத்ததும் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றிருக்கும். இது நல்ல கார். ஆள் இல்லாவிட்டாலும் சரிவில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது! "நாகூ!" என்று அலறினேன். கீழே பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை, காருக்குள் என் பெண்டாட்டி!

ஆனால் நாகலெட்சுமி அலறவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு என் இடத்துக்கு நகர்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கார் ஒழுங்காக ரோட்டுக்கு வந்தது. ஹோர்ன்கூட அடித்தாள்! பெரியதுரை தன் காரை ஓரங்கட்டி வழி விட்டார். காரோட்டுகிற பெண்பிள்ளைக்கு அப்படி வழி விடுவது சீமை மரியாதையாம். தொப்பியையும் தூக்கினார். எனக்கு இருபது வருஷமாகத் தலையைக்கூட ஆட்டாத மனுஷர்!

அடுத்த வளைவில் காரை நிறுத்திவிட்டு அவள் காத்திருந்தாள். மூச்சிரைக்க ஓடினேன்.

"ஏறுங்க. பின்னால."

"முன்னால..."

"முன்னால ஒக்காந்தா மறுபடியும் குதிச்சிருவீங்க."

"நீ எப்ப ஓட்டப் பழகுன?"

"ஒரு மாசமாவா மனுசங்க முறுக்கு சுத்துவாங்க?" கைப்பையைத் திறந்து ஒன்றை நீட்டினாள். லைசென்ஸ்! "நுவரெலியாவுல கெழங்கு விதையோட இதையும் வாங்கிட்டு வந்தேன்."

"அப்ப இந்த நாலு மணி?"

"சனிக்கெழம நாலு மணிக்குப் பெரியதொர கிளப்புக்கு டென்னிசு ஆடப் போறது இந்தத் தோட்டத்துல யாருக்குங்க தெரியாது? அவரக் கண்டா சைக்கிள்லேருந்து குதிக்கிற மனுசன் கார்லேருந்து குதிக்காமயா இருப்பாரு? மெயின் ரோட்டுல குதிக்கிறதுக்கு முந்தி வீட்டுப் பக்கத்துலயே குதிச்சிட்டா நல்லதுன்னுதான் ரெடியா பக்கத்துல ஒக்காந்துக்கிட்டேன்."

"கார் எனக்கு..."

"எனக்குன்னு ஒங்க தலையிலடிச்சு சத்தியம் பண்ணீங்களே! அத மீறி ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அப்படியேதான் போனோம். பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதும் துரை மாதிரிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சகலை வீட்டு வாசலோ நல்ல சரிவு. எங்கள் மலைநாட்டில் சரிவில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். லொறியென்றால் அதற்கென்றே கிளீனர் இருப்பான்.

"கட்டையப் போடுங்க!" என்றாள் நாகலெட்சுமி.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன். குனிந்து சக்கரத்துக்குக் கட்டையை வைத்து நிமிர்ந்தேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. சகலை வாசலில் நின்றான். நான் கனவு கண்டபடியே வாயைப் பிளந்து நின்றான்! என் லட்சியம் நிறைவேறிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

சகலை நிதானமாக வாயை மூடி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினான்:

"ஏய் பூரணி! ஒங்கக்கா கார் ஓட்டிக்கிட்டு வந்துட்டாங்க! கிளீனருக்கும் சேத்து எல போடு!"