மொட்டை மாடியில் விழுந்த முகிலோடி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் அப்படியே இருக்க வேண்டும். நேற்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்தது மரியாதைக் குறைவால் அல்ல, இரண்டு கையும் வேண்டியிருந்ததால்தான் என்பதை முறைப்படி தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

புயல் ஓய்ந்ததும் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் யாருடைய குடையோ கிடந்தது. மடக்கலாமென்று குனிந்தேன். குடை கண்ணைத் திறந்தது. பிறகுதான் புரிந்தது, அது முகிலோடி. பிறந்ததிலிருந்து தரையையே தொடாமல், மேகத்தில் குடித்து, காற்றிலேயே தூங்கி, நமக்கு நிழலை மட்டும் காட்டுமே, அதேதான். சிறகு முழுக்க ஈரத் தோல், கால் என்று கட்டைவிரல் அளவில் இரண்டு. நிற்கவே தெரியாதது எப்படி எழும்பும்? உடனே உங்களைக் கூப்பிட்டேன். கால்நடை மருத்துவர் என்ற முறையில், "மாமா, தொடாதீங்க, வனத்துறைக்காரங்க கூண்டோட வருவாங்க, அதுவரைக்கும் போர்வையால மூடி வைங்க"ன்னீங்க. மூடினேன். உள்ளே அது நடுங்கின நடுக்கத்துல போர்வையே உதறிச்சு.

உங்க அத்தை வந்து போர்வையைப் பிடுங்கிட்டா. "தலைக்கு மேல எதுவுமே இல்லாம வாழ்ந்த ஜீவனைப் போய் மூடுறீங்களே! இது எழுந்து பறக்கிற வகை இல்லைங்க, விழுந்து பறக்கிற வகை. தூக்கிப் போடுங்க."

"ஏழாவது மாடியிலிருந்தா?"

"பின்ன, முதல் மாடியிலிருந்து போட்டா, விரியறதுக்குள்ள தரை வந்துடாதா?"

அப்போ கீழே வனத்துறை வண்டி வந்து நின்னுது. நம்ம லிப்ட் வழக்கம்போல ஓடலை. அதைப் பற்றி நான் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிய புகார்களையெல்லாம் அந்த நிமிஷமே மனசார வாபஸ் வாங்கினேன். உங்களை மறுபடி கூப்பிட்டு அத்தை சொன்னதைச் சொன்னா, "வேண்டாம் மாமா, செத்துடும்!"னு கத்துறீங்க. போனை வெச்சுட்டு அதைத் தூக்கினேன். செய்தித்தாள் கனம்தான். என் உள்ளங்கையில அதோட நெஞ்சு அடிச்சுது. கைப்பிடிச் சுவர்கிட்ட போய் விட்டுட்டேன். அஞ்சாவது மாடி, மூணாவது மாடின்னு கல்லு மாதிரி போச்சு. கடைசியில, படீர்னு விரிஞ்சுது! தெருவுக்கு மேலே வழுக்கி, எதிர்க் கட்டடத்தைத் தாண்டி, சுத்திச் சுத்தி மேலே ஏறிப் புள்ளியாகிவிட்டது. கூண்டோடு மூச்சிரைக்க வந்தவர்களுக்கு வானத்தைக் காட்டினேன். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன்.

உங்கள் சொல்லை மீறியதற்கு மன்னிக்கவும். இருவரும் எல்லா வளமும் பெற்று வாழ்க.

அன்புடன்,
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். அவர் அதை விடவே இல்லை. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னார். ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டவருக்கு எல்லாத்தையும் நான்தான் சொன்னேன். விரிஞ்சது நிஜம். எதிர்க் கட்டடம் வரைக்கும் போனதும் நிஜம். அதுக்கப்புறம் என் கண்ணு கலங்கிடுச்சு, மேலே போச்சா கீழே போச்சான்னு தெரியாது. நீங்க டாக்டர். மேலேதான் போயிருக்கும்னு ஒரு தடவை போன்ல சொல்லிடுங்க. ஸ்பீக்கர்ல போடறேன், அவரும் கேட்கட்டும்.