பெரட்டுக்கு வராத சிவப்புக் கூடை

சிவப்புக் கூடைக்காரி இன்றும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை. மற்றவர்கள் வரிசையில் நின்று, பேர் போட்டுக்கொண்டு, கொழுந்து மலைக்கு ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் லயத்து வரிசை வீடுகளில் கோடிக் காம்பராவுக்கு முன்னால், பச்சைக் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏய், மலைக்குப் போவியா மாட்டியா? அரைப்பேர்தான் போடுவேன், அரைச் சம்பளந்தான், பாத்துக்க!" என்று கத்தினார் நிரஞ்சன்.

கத்தியது ஒரு கணினித் திரையைப் பார்த்து. ஹட்டன் நகரில், நண்பர் ஹிஷாமின் கைப்பேசிக் கடைக்கு ரீலோட் போட வந்த இருவர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"மெதுவா, கணக்கப்புள்ள," என்றார் ஹிஷாம். "நம்மட யாவாரத்தையும் சேத்து வெரட்டாதீங்க."

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார் நிரஞ்சன். கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்க்கும் அந்த வேலையை விட்டுவிட்டுக் கணினி விளையாட்டு வடிவமைப்பவராக வேண்டும் என்பது அவருடைய தவம். காரணம் ஒன்றுதான். அவர் மனைவி நிஷாந்தி குவைத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தாள். அவளுடைய ஒப்பந்தம் முடியப் போகிறது. அதற்குள் அவருக்கு இந்த வேலை கிடைத்துவிட்டால், அவள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கொழும்பு நிறுவனம் ஒன்று திங்கட்கிழமை அவருடைய விளையாட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது.

விளையாட்டும் தோட்டம்தான். பெரட்டுக்கு வர வேண்டும், கொழுந்து எடுக்க வேண்டும், அட்டைக்கடிக்குத் தப்பிக் கூடையை நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளோட்டமாக அதை வலைத்தளத்தில் ஏற்றியிருந்தார். யாரும் எங்கிருந்தும் உள்ளே வரலாம். வருபவர் பெயர் தெரியாது, கூடையின் நிறம் மட்டும் தெரியும். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவுக்கும் இணைப்பை அனுப்பியிருந்தார்.

"நிஷாந்திக்கு மட்டும் மூச்சு விட்றாதீங்கக்கா. வேலை கெடைச்ச பொறவு நானே காட்டுறேன்."

"நான் எதுக்கு சாமி சொல்லப்போறேன்!" என்று பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, இந்தச் சிவப்புக் கூடை வரும்வரை. தினமும் மாலையானால் வருவாள், நிற்பாள், போய்விடுவாள். ஒரு கொழுந்துகூடக் கிள்ளியதில்லை.

"ஒருத்தியாச்சும் ஒங்கட வெளையாட்டுல மணிக்கணக்கா நிக்கிறாளே. நிக்கட்டுமே," என்றார் ஹிஷாம்.

"கொழும்புக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? பொம்மை அசையாம நின்னு போச்சு, இவனுக்கு வேலை தெரியலன்னு சொல்லிருவாங்க!"

மயில் தோகையை ஒட்டிக்கொண்டு மயில்களோடு ஆடப் போன நரியொன்று, வழியில் கோழிக்கூட்டைக் கண்டதும் ஆட்டத்தை மறந்து நின்றதாம். நிரஞ்சனும் தொழிலை மாற்றிக்கொள்ளத்தான் புறப்பட்டார். கண்ணை மாற்றிக்கொள்ள மறந்துவிட்டார். சும்மா நிற்கும் ஆளைக் கண்டால் கணக்கப்பிள்ளையின் கண் பொறுக்குமா?

முதலில் ஒரு நாயைச் செய்தார். யார் அசையாமல் நின்றாலும் துரத்த வேண்டும் என்பது அதற்கு இட்ட கட்டளை. மறுநாள் மாலை திரையைத் திறந்தவருக்குத் தலை சுற்றியது. கொழுந்து கிள்ளுகிறவர்களும் செடிக்கு முன்னால் நின்றுதானே கிள்ள வேண்டும்? நாய் மலையிலிருந்த அத்தனை பேரையும் துரத்தி இறக்கியிருந்தது. எல்லோரும் நாய்க்கு வழி தெரியாத லயத்துக்கு ஓடிவந்து, கோடிக் காம்பரா வாசலில் சிவப்புக் கூடைக்காரியைச் சுற்றி ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்ட்ரைக்கா?" என்று எட்டிப்பார்த்தார் ஹிஷாம்.

நிரஞ்சன் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார். நாயைக் கட்டிப்போட்டார். லயத்தின்மேல் மட்டும் அடைமழையைப் பெய்யவிட்டார். மழைக்கு எல்லோரும் மலைக்கு ஓடுவார்கள் என்பது அவர் கணக்கு. அவர்களோ, மழை பெய்தால் மனிதர்கள் செய்வதைத்தான் செய்தார்கள். கூரை போட்ட இஸ்தோப்புத் திண்ணையில் ஏறிக்கொண்டார்கள். சிவப்புக் கூடைக்காரியும் ஏறினாள். கதவுக்கு இன்னும் ஓரடி நெருக்கமாக நின்றாள்.

"மழைக்கு வாசல்ல ஏறிட்டாங்க. இனி தேத்தண்ணி ஊத்திக் குடுங்க," என்றார் ஹிஷாம்.

நிரஞ்சனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழையை நிறுத்திவிட்டுக் கோடிக் காம்பராவையே அழித்தார். பச்சைக் கதவு போயிற்று. படிக்கட்டும், அதன் ஓரத்து ரோஜாத் தொட்டியும் போயின. அந்த இடத்தில் தேயிலை நட்டார்.

சொந்த வீட்டைப் பார்த்துத்தான் அந்தக் காம்பராவை வரைந்திருந்தார். கதவுக்குப் பச்சை அடித்ததும் ரோஜா வைத்ததும் நிஷாந்திதான்.

அன்று மாலை சிவப்புக் கூடைக்காரி வந்தாள். தேயிலைக்கு முன்னால் நின்றாள். பிறகு, முதன்முறையாக நடந்தாள். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனாள். ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று பார்த்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். அப்புறம் திரையிலிருந்து மறைந்துவிட்டாள்.

"போய்ட்டா!" என்று கைதட்டினார் நிரஞ்சன். "இனி கொழும்புக்காரங்க தாராளமாப் பாக்கலாம்!"

ஹிஷாம் ஏனோ சிரிக்கவில்லை. "பாவமா ஈக்கிது," என்று மட்டும் சொன்னார்.

கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்கு வந்த நிரஞ்சன், பச்சைக் கதவைத் திறந்து, படிக்கட்டில் உட்கார்ந்தார். ஞாயிறுதோறும் இந்த நேரத்துக்கு நிஷாந்தி பேசுவாள். நாளைக்கு நல்ல செய்தி வரும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாமா என்று நினைத்தபடி கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒலிக்கவில்லை.

பக்கத்துக் காம்பராவில் ஒலித்தது. சற்று நேரத்தில் பேச்சியம்மா தம் கைப்பேசியை மாராப்புக்குள் பொத்திப் பிடித்தபடி வந்து நின்றார்.

"தம்பி, திட்டக் கூடாது. மனசு கேக்காம ஒங்க வெளையாட்ட நிஷாந்திக்கு நாந்தான் அனுப்பி வச்சேன்."

"என்னக்கா நீங்க! சரி, விடுங்க. என்ன சொல்லுச்சு? வெளையாடுதா?"

"வெளையாடத் தெரியலையாம். மத்தியான வேலை முடிஞ்சி தெனமும் ஒங்க வீட்டு வாசல்ல வந்து சும்மா நின்னுட்டுப் போகுமாம். இன்னைக்கு லயம் பூராத் தேடியும் வீட்டக் காணோம்னு ஒரே அழுகை, தம்பி!"