சாய்ந்த குடியிருப்பை நிமிர்த்திய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். வீடும் நலம்தான், கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவே. அங்கே நீங்கள், மகள், பேத்தி மூவரும் சௌக்கியம் என நம்புகிறேன்.

நகரமே புதைகிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புகிறேன், கிளம்பி வாருங்கள் என்று போனில் பதறினீர்கள். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் கடிதம் எழுதுகிறேன். வண்டி வேண்டாம். முன்பு வாசலில் மூன்று படி ஏறி மூச்சு வாங்குவோம். இப்போது தெருவிலிருந்து நேராகக் கூடத்துக்குள் நடந்து வரலாம். என் முழங்காலுக்கு டாக்டர் செய்யாத உபகாரத்தைப் பூமி செய்திருக்கிறது.

நடந்ததைக் கேளுங்கள். போன மாதம் சமையலறையில் விழுந்த வெங்காயம் நிற்காமல் உருண்டு கிழக்குச் சுவரில் போய் முட்டியது. தினமும் முட்டியது. எஞ்சினியரை வரவழைத்தோம். "தெரு முழுக்க போர் போட்டு அடியில இருக்கிற தண்ணியை எல்லாம் உறிஞ்சிட்டீங்க. மண்ணு காஞ்சு இறங்குது. முதல்ல மோட்டாரை நிறுத்துங்க" என்றார். குடியிருப்போர் கூட்டம் போட்டோம். முதல் மாடியில் ஆஸ்பத்திரி நடத்தும் பல் டாக்டர், "தண்ணி இல்லாம நான் யாரை வாய் கொப்பளிக்கச் சொல்றது?" என்று எகிறினார். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கடைசியில் நான் எழுந்தேன். காலமெல்லாம் லாரி எடை மேடையில் வேலை பார்த்தவன் நான். பாரம் விஷயத்தில் என்னிடம் யார் வாலாட்ட முடியும்? "கிழக்கே சாயுதுன்னா மேற்கே பாரம் ஏத்துங்க, தானா நிமிரும்" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வீடு பெரிய டிரம்கள் வாங்கி மேற்கு அறையில் அடுக்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினோம். தண்ணீர் ஏது என்று கேட்பீர்கள். போர் தண்ணீர்தான், வேறெங்கே போவது? மோட்டார் ராப்பகலாக ஓடியது. இப்போது வெங்காயம் வைத்த இடத்தில் அசையாமல் நிற்கிறது! மேற்குப் பக்கமும் கிழக்குக்குச் சமமாக இறங்கிவிட்டது. மறுபடி வந்து பார்த்த எஞ்சினியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனசில்லை. அங்கே வந்தால் நான் வெறும் மாமனார். இங்கே நாலு பேர் யோசனை கேட்கிறார்கள். ஆகவே கவலையை விடுங்கள். பேத்திக்கு என் முத்தங்கள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். மாமா ஸ்டாம்பு வாங்கப் போயிருக்கார். போன்ல சொல்லலாம்னா போனையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். மேல இருக்கிறதை எதையும் நம்பாதீங்க. சுவத்து விரிசல்ல என் கையே நுழையுது. கண்ணை மூடினா பயமா இருக்கு. துணிமணி எல்லாம் கட்டி வச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை வண்டியைக் கட்டாயம் அனுப்புங்க. காலி பண்ணச் சொன்னா அவர் வரமாட்டார். உங்க வீடு சாயுது, யோசனை சொல்ல ஆளில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு முன்னாடி வண்டியில ஏறி உட்கார்ந்திருப்பார். வந்த பிறகு உங்க வீட்டுல ஒரு நாற்காலியைக்கூட அவரை நகர்த்த விட்டுடாதீங்க.