பேறுகால விடுப்பில் கோமதிசங்கர்

"டீச்சர், சொதிக்குக் கெட்டித் தேங்காப்பாலை முதல்ல ஊத்தணுமா, கடைசியில ஊத்தணுமா?"

கம்ப்யூட்டர் திரையின் அடியில் இந்தக் கேள்வி வந்து விழுந்தபோது கோமதிசங்கர் எக்செல்லில் கூட்டல் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். கூட்டல் அவனுக்கு அத்துப்படி. சொதியைத் தின்னத்தான் தெரியும், வைக்கத் தெரியாது.

"ஒரு நிமிஷம், அடுப்பில் பால் பொங்குது" என்று தட்டிவிட்டு எதிர்த்தாற்போல் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். அவன் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரிலும் போன் உண்டு. ஆனால் அந்த வயர் வழியாகத்தான் பாடமே போய்க்கொண்டிருந்தது.

"யக்கா, சொதிக்குக் கெட்டிப்பால் எப்ப ஊத்தணும்?"

"கடைசியில. ஊத்துன கையோட இறக்கிரணும். ஏலே, கம்ப்யூட்டர் படிப்புல சொதியெல்லாமா வருது?" என்றாள் அக்கா விஜயஸ்ரீ.

"எல்லாக் கருமமும் வருது" என்று போனை வைத்துவிட்டு மறுபடி ஓடினான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. பாத்திர வியாபாரத்தில் சம்பாதித்ததைக் கொண்டுபோய், தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தவர். வெளியூர்க்காரர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது அவருடைய விளம்பரம். இங்கே வாத்தியார் மவுஸை நகர்த்தினால் அங்கே மாணவர் வீட்டுத் திரையில் அம்பு நகரும். சந்தேகம் வந்தால் கீழே உள்ள பெட்டியில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக் கேட்க வேண்டியதுதான். முகம் தெரியாது, குரல் கேட்காது.

முதலில் சிக்கியது காயல்பட்டினம் அசன் மைதீன். வளைகுடாவில் பல வருஷம் இருந்து திரும்பி, ஊரில் கடை வைத்திருப்பவர். "எம் மவ ஜன்னத்துல் பிர்தௌஸ் படிக்கணும்" என்று அவர் போனில் ஆரம்பித்ததுதான் தாமதம், யாரும் கேட்காமலே அண்ணாச்சி வாயை விட்டார்.

"கவலையே படாதீய பாய்! பொம்பளப் பிள்ளைக்குப் பொம்பள டீச்சர்தான்!"

சென்டரில் பொம்பளை என்று சொல்லிக்கொள்ளச் சுவரில் ஒரு மகாலட்சுமி படம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணாச்சி, நான் ஆம்பளல்லா?" என்றான் கோமதிசங்கர்.

"மூஞ்சியா தெரியப்போவுது? வெரல்தானே வேல செய்யுது. வெரலுக்கு மீசையா மொளச்சிருக்கு? அந்த ஒரு வீடு திருப்தியானா தெருவே வந்து சேரும் வே. விசயம் வெளிய போச்சோ, ஒம்ம வேலையும் போச்சு."

அந்த வேலையை நம்பித்தான் தை மாசம் கோமதிசங்கருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வாத்தியார் என்ற ஒரே காரணத்துக்காக மாமனார் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார். வேறு வழியில்லாமல் அக்கா பேரைக் கடன் வாங்கி விஜயஸ்ரீ டீச்சர் ஆனான்.

பிர்தௌஸ் தங்கமான மாணவி. சொன்னதை ராத்திரிக்குள் போட்டுப் பழகிவிடுவாள். உடைந்த சரக்கை எந்தக் கணக்கில் எழுதுவது, லாரி வாடகையை எப்படிப் பிரிப்பது என்று கேள்வியாகக் கேட்டுத் துளைப்பாள். இந்த வயசில் என்ன பொறுப்பு என்று கோமதிசங்கர் பூரித்துப்போவான். பாடம் முடிந்தால்தான் வம்பு. "உம்மா கேக்கச் சொன்னாங்க" என்று தொடங்கி, சேலையில் எண்ணெய்க் கறை போக என்ன செய்ய, மாமியாரை எப்படிச் சமாளிக்க என்று கேட்பாள். எதிர் பூத்துக்காரர் இவனுக்கென்று தனியாக ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்.

ஒருநாள் வந்தது வினை.

"டீச்சர், எங்க தெருவுல கல்யாணம். நீங்க கட்டாயம் வரணும்."

"வர முடியாது. உடம்பு சரியில்லை."

"உடம்புக்கு என்ன? வாப்பாவை டாக்டரோட அனுப்பவா?"

பொம்பளைப் பேரில் ஒளிந்துகொண்டு ஒரு ஆம்பளை மகளோடு ஊர்க்கதை பேசுகிறான் என்று அந்த வாப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? டாக்டர் வந்தாலும் சரியாகாத, யாரும் சந்தேகப்படாத ஒரு உடம்பாகச் சொல்ல வேண்டும். விரல் தானாகத் தட்டியது.

"முழுகாம இருக்கேன். மூணு மாசம்."

தட்டியதைத் தானே படித்தபோதுதான் அவனுக்கு வேர்த்தது.

அடுத்த நாளே திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரு கூடை வந்து இறங்கியது. பேரீச்சம்பழம், பாதாம், அத்திப்பழம். வாரம் தவறாமல் வந்தது. அண்ணாச்சி மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு பேரீச்சங்கொட்டையைத் துப்பினார்.

"வருசா வருசம் இப்படி முழுகாம இரும் வே."

கூடையைக் காலி பண்ணிய வேகத்தில் கோமதிசங்கர் மாசத்தை எண்ண மறந்துவிட்டான். அந்தப் பக்கம் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். ஐப்பசியில் திடீரென்று ஒரு கேள்வி: "டீச்சர், உங்களுக்கு இது பத்தாம் மாசம்லா?"

நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மறுநாள் காலை அவன் தெம்பாகத் தட்டினான்.

"நேற்று கரண்டு போயிருந்தபோது குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. சரி, இன்றைக்குச் சதவீதம் பார்ப்போம்."

பதில் மடமடவென்று திரையில் கொட்டியது.

"யா அல்லா! டீச்சர், பச்சை உடம்பு! போய்ப் படுங்க! நாப்பது நாள் எந்திரிக்கப்படாது! லேகியத்தை வெறும் வயித்துல உருட்டித் தின்னுங்க, பூண்டை நல்லெண்ணெய்ல வதக்கிச் சாப்பிடுங்க, பச்சத்தண்ணி தொடாதீங்க!" அதோடு இணைப்பு அறுந்தது.

நாற்பது நாளும் பாடம் கிடையாது. லேகியம் மட்டும் பஸ்ஸில் வந்தது.

"பிரசவ லீவு குடுக்க நான் என்ன கவருமெண்டா?" என்று அண்ணாச்சி குதித்தார்.

நாற்பது கழிந்த அன்றே செய்தி வந்தது: பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறோம். அவர்கள் சென்டரில் வந்து இறங்கினால் மகாலட்சுமி படத்தையா காட்டுவது? "வேண்டாம், நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்" என்று தட்டிவிட்டு, அக்கா காலில் போய் விழுந்தான்.

விஜயஸ்ரீக்கு ஒரு மகன் இருந்தான். ஒன்றரை வயசு. தெருவில் நாயைத் துரத்துகிற பருவம். அவனைத் துண்டில் சுற்றி மடியில் அமுக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். கூடப்போன கோமதிசங்கர் டீச்சரின் தம்பி. அன்றைக்கு அவர்கள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அசன் மைதீன் வாசலிலேயே நின்றார். நிலைவாசல் உயரம், நெஞ்சு வரை தாடி. "வாங்கோ" என்று அவர் சொன்ன குரலுக்கே கோமதிசங்கர் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவர் மனைவி அலிமா பீவி ஓடிவந்து துண்டை விலக்கினார்.

"மாமா, முறுக்கு!" என்றது துண்டு.

"மாஷா அல்லா! நாப்பது நாள் பிள்ள பேசுதே!"

"எல்லாம் நீங்க குடுத்தனுப்புன லேகியந்தான்" என்றாள் விஜயஸ்ரீ, கண்ணைக்கூட இமைக்காமல்.

அலிமா பீவிக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடியும்போலத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு நஃபீஸத் வந்துவிட்டார். "எம் மவளுவளயும் சேக்கலாம்னு இருக்கேன். டீச்சரும் பிர்தௌஸும் ரெண்டு நிமிசம் அந்தக் கம்ப்யூட்டர ஓட்டிக் காட்டுங்களேன், பாப்போம்."

"இப்ப எதுக்கு? முதல்ல சாப்பிடட்டும்" என்றார் அசன் மைதீன் அவசரமாக.

"ஆமா, சாப்பிடுவோம்" என்றான் கோமதிசங்கர் அதைவிட அவசரமாக.

நஃபீஸத் விடுகிற ஆளில்லை. விஜயஸ்ரீயையும் பிர்தௌஸையும் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். திரையில் கடையின் வருஷக் கணக்கு முழுசும் விரிந்திருந்தது. கோமதிசங்கர் ஒரு பக்கமும் அசன் மைதீன் மறுபக்கமும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

"நீயே செய்யி மவளே" என்றாள் விஜயஸ்ரீ.

"இல்ல டீச்சர், நீங்களே செய்யுங்க."

"வெக்கப்படாதே. நான் பாக்கேன்."

பிர்தௌஸ் மவுஸைச் சூடான அடையைத் தொடுவதுபோல இரண்டு விரலால் தொட்டு, எங்கேயோ ஒரு மூலையில் அமுக்கினாள். கணக்கு முழுவதும் கறுத்துப்போனது. தன் தங்கமான மாணவிக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கோமதிசங்கருக்குப் பகீர் என்றது.

"கறுத்துப்போச்சே, துடைச்சிருவோம்" என்று விஜயஸ்ரீ கைக்குக் கிடைத்த ஒரு பொத்தானைத் தட்டினாள்.

துடைத்தே விட்டது. சரக்கு, வாடகை, வரவு, செலவு ஒன்றும் இல்லை. திரை பளிச்சென்று வெளுத்துக் கிடந்தது.

"ஐயையோ!" என்று இரண்டு ஆம்பளைக் குரல் ஒரே நேரத்தில் கேட்டது. அழிந்ததைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இன்னொன்றைத் தட்ட வேண்டும். இடப்பக்கமிருந்து ஒரு கை பாய்ந்து முதல் பொத்தானை அமுக்கியது. வலப்பக்கமிருந்து ஒரு கை பாய்ந்து இரண்டாவதைத் தட்டியது. கணக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

வலது கை கோமதிசங்கருடையது. இடது கை அசன் மைதீனுடையது. கையை எடுக்க மறந்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அலிமா பீவி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

"அட என் ரப்பே! அம்பது வயசுல படிக்கத் தொடங்கினா ஊரு சிரிக்கும்னு மவ பேருல ஒளிஞ்சிக்கிட்டு, டீச்சர் பொம்பளன்னு வெக்கப்பட்டு வெக்கப்பட்டு, இவுக இத்தன மாசமா எங்கிட்ட கேட்டுக் கேட்டுப் பிள்ளப்பேத்துப் பத்தியம் தட்டி அனுப்புனது இந்தத் தம்பிக்கா?"