வேதாசலம் பாத்திரம் திருப்பிய வாரம்

இந்தத் தெருவில் இனி ஒரு மாதம்கூட இருப்பதில்லை என்று வேதாசலம் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. அவர் கண்ணை மூடியது இரண்டே முக்காலுக்கு. அதற்குள் கதவை மூன்று பேர் தட்டிவிட்டார்கள்.

முதலில் எதிர்வீட்டு ஜஹீதா. "தண்ணி வந்துடுச்சு அண்ணே, மோட்டார் போடுங்க." அடுத்து பக்கத்து வீட்டுக் கமலம். "மழை வர்ற மாதிரி இருக்குது, மாடியில துணி காயுது." மூன்றாவது கடைசி வீட்டுத் தனகோடி. அவருக்கு ஒன்றும் வேண்டாம். "தூங்கறியா வேதா? சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் டிஸ்பேட்ச் சூப்பர்வைசராக இருந்தவர் வேதாசலம். லட்சக்கணக்கான ஜோடிகளைக் கப்பல் ஏற்றியவரால் ஒரு மத்தியானத் தூக்கத்தைக் கரை சேர்க்க முடியவில்லை.

வேலூர் பைபாஸ் ஓரத்தில் ஏழாவது மாடியில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் இருந்தது. புரோக்கர் சூர்யா அதைக் காட்டும்போதே சொல்லியிருந்தான். "பக்கத்து ஃபிளாட்ல யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது சார். நீங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியாது." சாமி வாக்கு மாதிரி அது வேதாசலத்தின் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு அட்வான்ஸ் கொடுத்தால் சாவி கைக்கு வந்துவிடும். சொந்த வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம்.

மனைவி செல்லம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று ஏழு காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"செல்லம், நாம ஃபிளாட்டுக்குப் போறோம்."

"சரிங்க."

ஏழு காரணங்களும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"இன்னா சரி? ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"நீங்க யோசிக்காமயா சொல்வீங்க? ஒண்ணே ஒண்ணுதான். அடுத்தவங்க பாத்திரம் நம்ம வீட்ல கெடக்குது. நம்ம பாத்திரம் அவங்க வீட்ல கெடக்குது. அதையெல்லாம் குடுத்து வாங்கி முடிச்சிடுங்க. அடுத்தவங்க தூக்கைக் கட்டி எடுத்துக்கினு போன பேரு நமக்கு வேணாம். முடிச்ச அன்னிக்கே வண்டி ஏத்திடலாம்."

"அவ்ளோதானா? அரை நாள் வேலை."

"அரை நாள் கம்மிங்க. ஒரு நாள் வெச்சிக்குங்க" என்றாள் செல்லம்மாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றி, சோளிங்கர் நரசிம்மர் படத்துக்கு முன்னால் கை கூப்பினாள். 'சாமி, அவர் கேட்டதைக் குடுத்துடு. கொஞ்சம் மெதுவா குடு.'

திங்கட்கிழமை காலை வேதாசலம் பழைய கம்பெனி டைரியில் பட்டியல் போட்டார். ஜஹீதா வீட்டு டிபன் பாக்ஸ், சம்படம். கமலம் வீட்டு எவர்சில்வர் தூக்கு, கிண்ணம் இரண்டு. தனகோடி வீட்டு ஹாட்பாக்ஸ். மொத்தம் ஆறு. முதல் லோடாக டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தார்.

"காலியாவா எடுத்துக்கினு போறீங்க?" என்றாள் செல்லம்மாள்.

அந்தத் தெருவில் பதினோரு வீடு. யார் சட்டம் போட்டார்களோ தெரியாது, ஒரு வீட்டிலிருந்து பலகாரத்தோடு வந்த பாத்திரம் வெறுமனே திரும்பிப் போகாது. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போகும்.

"காலி பண்றவனுக்கு இன்னா மரியாதை?"

"கடைசியா குடுக்கறதுங்க. நல்லபடியா குடுப்போம்." டிபன் பாக்ஸ் நிறையக் கேசரி வைத்து மூடினாள்.

ஜஹீதா கதவைத் திறந்ததும் வேதாசலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பாத்திரம் திருப்ப வந்தேம்மா. வீட்டைக் காலி பண்றோம்."

"அரே, எங்க அண்ணே?"

"வேலூர். ஏழாவது மாடி. லிஃப்ட் இருக்குது."

"அக்காவுமா போறாங்க?"

"பின்ன, நான் மட்டும் போய் அங்க லிஃப்ட்டையா கட்டிக்கினு அழறது?"

ஜஹீதா சிரிக்கவில்லை. உள்ளே போய் வேதாசலம் வீட்டுக் குண்டானை எடுத்து வந்தாள். அதில் கத்திரிக்காய் தால்ச்சா ஆவி பறந்தது. "மூணு மாசமா இங்கயே கெடக்குது. பேஜாரா இருந்துச்சு அண்ணே, எடுத்துக்கினு போங்க."

ஒன்று போனது, ஒன்று வந்தது. டைரியில் அடித்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ஜஹீதாதான். கையில் புதுக் கிண்ணம் நிறையப் பால் இனிப்பு. "கேசரி ரொம்ப ஜோரு. அக்காவுக்குப் பிடிக்குமேன்னு ஃபிர்னி போட்டேன்."

அடித்ததற்குக் கீழே வேதாசலம் மறுபடியும் எழுதினார்.

குடியாத்தத்தில் தறி போட்ட குடும்பத்துப் பெண் கமலம். அவளுக்கு எதிலும் குறை வைக்கத் தெரியாது. இரண்டு கிண்ணத்தில் எலுமிச்சை சாதம் கொண்டுபோனார். தன்னிடம் கிடந்த வேதாசலம் வீட்டு டப்பா சின்னது என்று சொல்லி, தன் பெரிய டப்பாவிலும் ஒரு தூக்கிலுமாகப் பலகாரம் போட்டு அனுப்பினாள். செவ்வாயும் புதனும் இதே கதைதான். புதன்கிழமை மாலை டைரியைக் கூட்டிப் பார்த்தார். ஆறு இப்போது ஒன்பதாகியிருந்தது.

"இது இன்னா செல்லம், குடுக்கக் குடுக்க ஜாஸ்தியாவுது?"

"உங்க கம்பெனியில ரிட்டர்ன் சரக்கு வராதா?"

வியாழக்கிழமை வேதாசலம் மூளையைக் கசக்கினார். செல்லம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம். கமலம் வீட்டுத் தூக்கையும் ஜஹீதா வீட்டுக் கிண்ணத்தையும் கழுவித் துடைத்து, வெறுமனே அவரவர் வாசலில் வைத்துவிட்டு, பூனை மாதிரி திரும்பி வந்துவிட்டார். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் இவ்வளவு சுத்தமான டிஸ்பேட்ச் கிடையாது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கமலம் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, அக்காவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலியே. கோயிலுக்குப் போயிருக்கா."

"மறைக்காதீங்க அண்ணே. காலித் தூக்கு வந்திருக்குது. உங்க வீட்ல இருந்து எந்தக் காலத்துலயாவது காலித் தூக்கு வந்திருக்குதா?" பின்னாலேயே ஜஹீதாவும் ஒரு சம்படத்தோடு வந்துவிட்டாள். "மிளகு ரசம் அண்ணே. எவ்ளோ காய்ச்சல் இருந்தாலும் எறக்கிடும்."

கமலமும் தூக்கை வெறுமனே எடுத்து வரவில்லை. அதில் கஞ்சி இருந்தது. செல்லம்மாள் கோயிலிலிருந்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தபோது, தெருவே அவளைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று தெரிந்துகொண்டு கலைந்தது. கஞ்சியையும் ரசத்தையும் வேதாசலம் குடித்தார். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஹாட்பாக்ஸில் வடையோடு தனகோடி வீட்டுக்குப் போனார். ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தனகோடி. பீரோ மேலிருந்து ஒரு மூன்றடுக்கு கேரியரை இறக்கினார். அடுக்கின் ஓரத்தில் 'வே. செ.' என்று பேர் வெட்டியிருந்தது.

"இது எப்படி உன் வீட்ல?"

"போன வருஷம் உனக்கு ஆபரேஷன் ஆச்சே, அப்ப வந்தது. டெய்லி ரயில்ல வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டாந்தேனே."

"அது செல்லம் வெச்ச கஞ்சி இல்லியா?"

"செல்லம்மா பத்தொன்பது நாள் உன் கட்டிலை விட்டு நகரல. எப்படிக் கஞ்சி வெக்கும்? ஒரு நாள் கமலம், ஒரு நாள் ஜஹீதா, ஒரு நாள் எங்க வீட்டுக்காரி. இதுல உப்பு கம்மின்னு நீ வேற மூஞ்சியச் சுளிச்ச."

வேதாசலம் கேரியர் ஓரத்தில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினார். ஆனாலும் சூர்யாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. அதைவிடப் பெரிதாக, பெண்டாட்டியிடம் 'அரை நாள் வேலை' என்று சொன்ன வீராப்பும் இருந்தது.

சனிக்கிழமை புது முறையைக் கண்டுபிடித்தார். பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாசலை விட்டு நகருவதில்லை. "வேற பாத்திரத்துல மாத்தும்மா, நான் நிக்கறேன். எனக்குக் குடுக்கணும்னா தட்டுல குடு, இங்கயே சாப்ட்டுடறேன்." தட்டில் கொடுத்தார்கள், நின்றுகொண்டே சாப்பிட்டார். ஜஹீதா வீட்டில் சேமியா, கமலம் வீட்டில் அடை, தனகோடி வீட்டில் போண்டா. சாயங்காலம் வயிறு மத்தளமாகியிருந்தது. டைரியில் ஒரு பாத்திரம்கூட பாக்கியில்லை. சூர்யாவுக்குப் போன் போட்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாப்பா. எல்லாம் கிளியர்."

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது. ஜஹீதா, ஒரு பெரிய பிரியாணித் தேக்சாவோடு. "போறவங்களை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா அண்ணே?" அவளுக்குப் பின்னால் கமலம். கமலத்துக்குப் பின்னால் தனகோடி. தனகோடிக்குப் பின்னால் இதுவரை வேதாசலத்தோடு வணக்கத்துக்கு மேல் பேசாத ஏழு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒன்றிரண்டு பாத்திரத்தோடு நின்றார்கள். மேஜை நிறைந்தது. பிறகு நாற்காலிகள் நிறைந்தன. டிவி மேல் வைக்க முடியாதென்று ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்கள்.

பதினோரு மணிக்கு வந்த சூர்யாவை யாரோ பிடித்து உட்காரவைத்து இலை போட்டுவிட்டார்கள். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டபோது அவன் வேதாசலத்தின் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டான். "சார், நீங்க போன பிறகு இந்த வீட்டை எனக்கே வாடகைக்குக் குடுப்பீங்களா?"

வேதாசலம் எழுந்து சமையலறைக்குள் போனார்.

"உண்மையச் சொல்லு செல்லம். நாம போறதை எல்லார்கிட்டயும் நீதானே சொன்ன?"

"சாமி சத்தியமா நான் வாயே தெறக்கலிங்க. வீடு வீடாப் போய், லிஃப்ட் இருக்குதுன்னு வரைக்கும் சொல்லிட்டு வந்தது நீங்கதான்." சொல்லிக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். "பதினாலு பாத்திரம் வந்திருக்குது. திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க, உடனே கெளம்பிடலாம். அரை நாள் வேலைதானே?"

வேதாசலம் ஜஹீதாவின் தேக்சாவைக் கழுவித் துடைத்து மனைவியிடம் நீட்டினார்.

"இதுல இன்னா போட்டுக் குடுக்கப் போற?"