அடுப்பு மூட்டாத பூசணி உருண்டைக்காரர்

மேப்பிள் மரத்தில் முதல் இலை சிவந்ததும் எங்கள் மினசோட்டா ஏரிகளில் இருக்கும் வாத்துகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. அவற்றுக்கு விவரம் தெரியும். கிளம்ப வழியில்லாத நாம்தான் பூசணி உருண்டைக்காரரிடம் மாட்டிக்கொள்கிறோம். மனிதர்களில் இவர் ஒரு தனி இனம். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. கோடை முழுவதும் புல் வெட்டிக்கொண்டு, கொசு அடித்துக்கொண்டு, பார்க்கச் சாதுவாக நம்மோடு நடமாடுவார். காற்றில் லேசாகக் குளிர் ஏறியதும் கண்ணில் ஓர் ஒளி வரும். கடையிலிருந்து டப்பா டப்பாவாகப் பூசணி விழுது வந்து இறங்கும். அதற்கப்புறம் தெருவில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? நீங்கள் சிரமப்படவே வேண்டாம், அவரே தேடி வந்து சொல்லிவிடுவார். "அடுப்பே வேண்டாம், தெரியுமா?" இதுதான் அவருடைய முதல் வாக்கியம். ஏதோ இத்தனை தலைமுறையாக அடுப்பு நம்மை அடிமைப்படுத்தி வைத்திருந்தது போலவும், அவர் வந்து விலங்கை உடைத்தது போலவும் சொல்வார். இரண்டாவது வாக்கியம், "அஞ்சே நிமிஷம். கலக்கு, உருட்டு, ஃப்ரிட்ஜ்ல வை. முடிஞ்சுது!"

முடிந்ததா? என் பக்கத்து வீட்டு டாரல் ஸ்கோக் உருட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவர், கையில் வலு உள்ளவர். ஓட்ஸைக் கொட்டி, பூசணி விழுதைச் சேர்த்து, வேர்க்கடலை வெண்ணெயை வழித்துப் போட்டு, தேன் விட்டு, லவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு என்று மருந்துக்கடையையே தூவிப் பிசைந்தால் கையில் ஒட்டுகிறது. ஒட்டுகிறதே என்று ஓட்ஸ் சேர்த்தால் உதிர்கிறது, உதிர்கிறதே என்று தேன் விட்டால் மறுபடி ஒட்டுகிறது, ஒட்டுகிறதே என்று மறுபடி ஓட்ஸ். சின்னக் கிண்ணம் போய்ப் பெரிய கிண்ணம் வந்து, அதுவும் போதாமல் மனைவி வான்கோழி ஊறப்போடும் அண்டா வந்து, இருட்டும் நேரத்தில் முழங்கை வரை பூசணியோடு மனிதர் நிற்பார். ஒரு தட்டுக்கென்று ஆரம்பித்தது ஒரு பட்டாளத்துக்குக் காணும். அஞ்சு நிமிஷம்!

இதற்குச் 'சக்தி உருண்டை' என்று பெயர் வேறு. தின்றவர்கள் அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? சோபாவில் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிறார்கள். மிச்சச் சக்தியை, டாரல் அடுத்த டப்பாவோடு வருவது தெரிந்ததும் பின்வாசல் வழியாக ஓடுவதில் செலவழிக்கிறார்கள். மான் வேட்டைக்குப் போன அவருடைய மைத்துனர், பையில் கனத்த உருண்டைகளை யாருக்கும் தெரியாமல் ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டாராம். மான் வந்தது. முகர்ந்தது. நிமிர்ந்து மரத்துக்குப் பின்னால் இருந்த மைத்துனரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவமானத்தில் அவருக்குத் துப்பாக்கியைத் தூக்கவே கை வரவில்லை.

ருசி எப்படி என்றால், உள்ளதைச் சொல்கிறேன். பூசணியைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். ஆனால் ஏலக்காய்? மருந்துக்குக்கூடக் கிடையாது! நாங்கள் நார்வேயிலிருந்து வந்தவர்களின் வம்சம். கிறிஸ்துமஸ் ரொட்டிக்கு மாவு இல்லாமல் போனாலும் போகும், ஏலக்காய் இல்லாமல் போகாது. இந்த மனிதர் அதைப் போய் மறந்திருக்கிறாரே என்று எனக்கு ஆறவே இல்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு? "வித்தியாசமா இருக்கே!" என்று சொல்லி வைத்தேன். எங்கள் ஊரில் ஒரு பண்டத்தை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. உருண்டைக்காரர்களுக்கு மட்டும் அது பாராட்டாகக் கேட்கும். மறுநாள் இன்னொரு டப்பா வந்தது.

இப்படியே போயிருக்கும், வான்கோழி குறுக்கே வராமல் இருந்திருந்தால். வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கிய ஒரு மாலை, இரவல் வாங்கிய இலைவாரியைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது டாரலின் மனைவி ஜோலீன் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே பால் இல்லை, முட்டை இல்லை. அடுக்கடுக்காக உருண்டைகள்தான் உட்கார்ந்திருந்தன.

"டாரல், வான்கோழி பாறாங்கல்லா உறைஞ்சு கெடக்கு. நாலு நாள் இதுக்குள்ள இருந்தாத்தான் இளகும். எங்க வைக்கட்டும்? உன் தலைலயா?"

"கராஜ்ல வையேன்."

"போன வருஷம் அங்கதானே வெச்சோம்? அந்தக் குளிர்ல இளகவே இல்ல. எங்கம்மா முள்கரண்டிய குத்தினாங்க, கரண்டிதான் வளைஞ்சுது. ஃபோன் பண்ணும்போதெல்லாம் அதையே சொல்லிக் காட்டறாங்க. இந்தத் தடவையும் அப்படி ஆச்சு, நான் அவங்க மூஞ்சில முழிக்க முடியாது."

"நான் என்ன பண்றது? ஜனங்க விரும்பிக் கேக்கறாங்களே!"

"யாரு? ஒரே ஒரு ஆள் பேரச் சொல்லு."

டாரல் என்னைப் பார்த்தார். நான் இலைவாரியின் பற்களைப் பார்த்தேன்.

"சரி. ஞாயித்துக்கெழம சர்ச்சுல காபிக்கு ஒரு தட்டு கொண்டு வா" என்றார் ஜோலீன். "தட்டு காலியாச்சுன்னா ஃப்ரிட்ஜ் உனக்கு. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் எனக்கு. சம்மதமா?"

"கழுவி வெச்ச மாதிரி காலியாகும் பாரு!"

ஜோலீன் சிரித்துக்கொண்டார். ஏன் சிரிக்கமாட்டார்? எங்கள் ஊரில் தட்டில் இருக்கும் கடைசிப் பண்டத்தை எவனும் எடுக்கமாட்டான். எடுத்தால் பேராசைக்காரன் என்று பெயர். பாதியாக வெட்டிப் பாதியை எடுப்போம். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார். இப்படித் தட்டு காலியானதாக எங்கள் சர்ச் கட்டப்பட்ட நாளிலிருந்து தகவல் இல்லை. பூசணியில் மூழ்கிய டாரலுக்கு மட்டும் இது மறந்துபோயிற்று.

ஞாயிறன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் தட்டு வைக்கப்பட்டது. மரியாதைக்கு ஆளுக்கொன்று எடுத்தார்கள். சிலது வாய்க்குப் போயிற்று, பலது காகிதக் கைக்குட்டைக்குள்ளும் கோட்டுப் பைக்குள்ளும் போயிற்று, ஒன்று ஜன்னலோரப் பூந்தொட்டியில் போய் அடங்கிற்று. தட்டில் ஒரே ஓர் உருண்டை மிஞ்சியது.

பாஸ்டரம்மா கத்தியை எடுத்தார். "எனக்குப் பாதி போதும்ப்பா."

"அந்தப் பாதியில எனக்குப் பாதி" என்றார் ஆர்கன் வாசிப்பவர்.

கால் அரைக்காலாயிற்று. அரைக்கால் வீசமாயிற்று. கத்தி தடிமனாகத் தெரிந்ததால் சர்ச் தையல் குழுப் பெண்களில் ஒருவர் குண்டூசி கொடுத்தார். ஆர்கன்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். கடைசியில் கடுகளவு ஒரு துணுக்கு தட்டின் நடுவில் நின்றது.

"நீங்க எடுத்துக்குங்க."

"அய்யய்யோ, நீங்க எடுத்துக்குங்க. எனக்கு வயிறு கும்முனு இருக்கு."

சுற்றி நின்ற ஒருவரும் நகரவில்லை. வெளியே கார்கள் பனியில் விறைத்துக்கொண்டிருந்தன. ஜோலீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெயித்தாயிற்று, வான்கோழிக்கு இடம் கிடைத்தாயிற்று. அப்போதுதான் அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். டாரல் காபிப் பாத்திரத்தின் ஓரமாக ஒதுங்கி, டையில் ஒட்டிய பூசணியோடு, அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது தன்னை அழைத்துப்போக வருவார்களா என்று பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளையின் முகம். எனக்கே பாவமாக இருந்தது. கட்டியவருக்கு எப்படி இருக்கும்?

ஜோலீன் விறுவிறுவென்று போனார். விரலை நாக்கில் தொட்டார். துணுக்கை ஒற்றியெடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கீழ்த்தளமே மூச்சை உள்ளே இழுத்தது.

"ம்... வித்தியாசமா இருக்கு" என்றார்.

"காலி! பாத்தீங்களா எல்லாரும்? காலி!" டாரல் குதித்த குதியில் தரை அதிர்ந்தது.

அன்று மாலையே என் வீட்டு மணி அடித்தது. ஜோலீன், குளியல் துண்டில் பச்சைக் குழந்தை மாதிரி சுற்றிய வான்கோழியோடு நின்றார்.

"பாவம் பாத்தேன், மாட்டிக்கிட்டேன். உங்க ஃப்ரிட்ஜ்ல நாலே நாள் எடம் குடுங்க. உங்கள விட்டா எனக்கு வேற நாதி இல்ல."

"இன்னிக்குக் கொஞ்சம்... சௌகரியப்படாதே, ஜோலீன்."

"தனி ஆளு, அப்படி என்னத்த வெச்சிருக்கப் போறீங்க?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை டப்பாக்கள்.

"இவ்வளவும் டாரல் குடுத்ததா?"

"மேல்தட்டு மட்டும்."

"அப்ப மத்ததெல்லாம்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அவர் செய்யறதுல ஏலக்காய் இல்ல, ஜோலீன். அத ஒண்ண மட்டும் சரி பண்ணிப் பாப்போமேன்னுதான்... ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. அடுப்பே வேண்டாம், தெரியுமா?"

ஜோலீன் வான்கோழியை மார்போடு இறுக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஏலக்காய் என்று நான் சொன்னபோது, 'ஏலக்காய் கிடக்கட்டும், தேனுக்குப் பதில் நல்ல பாகுவெல்லமும் ஒரு பிடி வறுத்த எள்ளும் போட்டிருந்தால்...' என்று உங்களுக்குள் யாரோ முணுமுணுத்தார்களே, அது யார்? எதற்கும் போய் உங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி பண்ணி வையுங்கள்.